காதில் வைத்தும் அணையாத திரை: ஒரு பட்ஜெட் போனை ஐந்து வாரம் புழங்கிப் பார்த்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டும் சிறிய அமைப்பு ஒன்றில் உபகரணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. களத்தில் 12 பேர். அவர்கள் கையில் இருந்தவை ஐந்தாறு வருடம் ஓடிக் களைத்த போன்கள். சிலவற்றின் பேட்டரி மத்தியானத்தைத் தாண்டாது, இரண்டில் திரையே விரிசல். எல்லோருக்கும் ஒரே மாடலில் புதுப் போன் வாங்குவது என்று முடிவானது. ஒதுக்கிய தொகைக்குள் 12 கிடைக்கும்படியாக ஒரு பட்ஜெட் மாடலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மாதிரிக்கு ஒன்று வாங்கினோம்.

அதன் விவரம் இது: 6.6 அங்குல எச்டி பிளஸ் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், 5000 எம்ஏஎச் பேட்டரி, 10 வாட் சார்ஜர், 50 மெகாபிக்சல் கேமரா. பெட்டியின் மேல் ரேம் '8 ஜிபி வரை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதில் பாதி, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கி ரேம் மாதிரி பயன்படுத்தும் இடம். விவரம் தெரிந்தவர்கள் 4 என்றுதான் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் 4 போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாளில் எழுதிய குறிப்பு

மாதிரிப் போன் என் மேசையில் நான்கு நாள் இருந்தது. வேகத்தை அளக்கும் செயலி ஒன்றை ஓட்டினேன். அந்த விலைப் பிரிவுக்கு மதிப்பெண் சரியாகத்தான் வந்தது. நாலைந்து படம் எடுத்தேன், வீடியோ பார்த்தேன், களத்தில் கேள்விகளுக்குப் பதில் நிரப்பும் எங்கள் படிவச் செயலியை நிறுவித் திறந்து மூடினேன். மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வேகம் போதும், திரை பெரிது, பேட்டரி சுமார், வாங்கலாம் என்பது அதன் சாரம்.

அவர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். மூத்த களப்பணியாளர் ஒருவர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா, குறிப்பைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நாலு நாளும் இது உங்க மேசை மேலதானே கிடந்துச்சு? என் பையில ஒரு மாசம் கிடக்கட்டும். அப்புறம் வாங்குங்க."

மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. பழைய போன்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. ஆனாலும் 12 போனை ஒரே தடவையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். ஐந்து வாரம் கொடுத்தார்.

சோதனையை அமைத்த விதம்

அக்காவின் சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றினோம். பழைய போனை வாங்கி என் மேசை டிராயரில் பூட்டினேன். கையில் இரண்டும் இருந்தால், எரிச்சல் வரும் நேரத்தில் யாரும் பழையதற்குத்தான் போவார்கள்.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலைதோறும் போனை ரீஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் விட்டு, படிவச் செயலியை முழுவதுமாக மூடி மூடி ஐந்து முறை திறந்து, அந்த ஐந்து நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை எழுதுவது. காலையில் கிளம்பும்போதும் மாலையில் திரும்பும்போதும் பேட்டரி சதவீதத்தைக் குறிப்பது. மூன்றாவதாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். "எப்ப கடுப்பாகுதோ அப்ப எழுதுங்க, ஒரு வரி போதும்" என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றில் இதுதான் உதவாது என்பது என் நினைப்பு. கடைசியில் முடிவைத் தீர்மானித்த தகவல் எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது.

முதல் இரண்டு வாரம்

இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு பேட்டரி 31 சதவீதம். எனக்குக் கவலையாகிவிட்டது. ஒன்பதாம் நாள், ஏறக்குறைய அதே வேலைக்கு, 58. இடையில் நாங்கள் எதையும் மாற்றவில்லை.

புதுப் போனுக்கு முதல் சில நாள் வேலை அதிகம். பழைய போனிலிருந்து வந்த படங்களை வரிசைப்படுத்தும், தொடர்புகளையும் அஞ்சலையும் இறக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் எந்தச் செயலியில் எந்தப் பகுதியை அதிகம் தொடுகிறோம் என்று கவனித்து, போன் சும்மா சார்ஜில் கிடக்கும் இரவுகளில் அந்தப் பகுதிகளை முன்கூட்டியே தொகுத்து வைக்கும் வழக்கமும் உண்டு. இந்த வேலைகள் ஓய்ந்த பிறகுதான் பேட்டரியின் உண்மையான குணம் தெரியும். என் நான்கு நாள் குறிப்பில் பேட்டரியை 'சுமார்' என்று எழுதியது தப்பு. அந்தப் போனில் உருப்படியாக இருந்ததே பேட்டரிதான்.

சார்ஜ் ஏறும் வேகம் வேறு கதை. 5000 எம்ஏஎச் என்றால் ஏறத்தாழ 19 வாட்-மணி. 10 வாட் சார்ஜர் ஒரு சொட்டு வீணாக்காமல் கொடுத்தாலே இரண்டு மணி நேரம் ஆகும். இடையில் வெப்பமாகப் போவது ஒரு பங்கு, கடைசி இருபது சதவீதத்தில் வேகம் தானாகக் குறைவது இன்னொரு பங்கு. எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது குறையே இல்லை.

கன்னம் பட்டு மியூட் ஆன அழைப்புகள்

இரண்டாம் வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினேன். அக்காவின் கையெழுத்தில் இப்படி இருந்தது:

'செவ்வாய். பேசிட்டே இருக்கேன், அவங்க ஹலோ ஹலோங்கறாங்க. மியூட்.'
'புதன். மியூட்.'
'புதன். ஹோல்டுல போயிடுச்சு. அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்க.'
'வெள்ளி. மியூட். ரெண்டு தடவ.'

கை தவறிப் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவை எதிரில் உட்காரவைத்து, வேறொரு போனிலிருந்து அழைத்துப் பேசச் சொன்னேன். போனைக் காதுக்குக் கொண்டுபோனதும் திரை அணைந்தது. சரிதானே என்று நினைக்கும்போதே அவர் வழக்கம்போல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குனிந்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். திரை எரிந்தது. கன்னம் அழுந்திய இடத்தில் மியூட் பொத்தான். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, பொத்தான் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தேன்.

வழக்கமாகப் போன்களில் காதுப்பக்கம் ப்ராக்சிமிட்டி சென்சார் என்ற ஒரு சிறிய சென்சார் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து, முன்னால் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திரையை அணைக்கும். விலையைக் குறைக்கச் சில மாடல்களில் இதை எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாகப் போன் அசையும் விதம், திரையில் படும் தொடுதல் போன்ற மற்றத் தகவல்களை வைத்து 'இப்போது காதில் இருக்கிறது' என்று மென்பொருளே ஊகிக்கும். சென்சார்களைப் பட்டியலிடும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மாதிரிப் போனில் அந்தச் சென்சாரின் பெயருக்கு முன்னால் 'விர்ச்சுவல்' என்று இருந்தது, அதாவது நிஜச் சென்சார் இல்லை. போன் திரும்புவதை அறியும் ஜைராஸ்கோப் பட்டியலிலேயே இல்லை.

விவரப் பட்டியலில் 'ப்ராக்சிமிட்டி சென்சார்: உண்டு' என்று இருந்ததைத்தான் நான் நம்பியிருந்தேன். மேசையில் நான்கு நாள் வைத்திருந்தபோது அந்தப் போனில் ஒரு முறைகூடக் காதில் வைத்துப் பேசவில்லை. போனை ஆய்வு செய்கிறேன் என்று கிளம்பியவன் பேசிப் பார்க்க மறந்தேன் என்பதை இன்றைக்கு எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தற்காலிகத் தீர்வாக, பேச்சு தொடங்கியதும் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தித் திரையை அணைக்கச் சொன்னேன். அழைப்பு துண்டிக்காது. பவர் பட்டனை அழுத்தினால் அழைப்பு முடியும் என்ற அமைப்பு மட்டும் அணைந்திருக்க வேண்டும். மியூட் புகார் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி, அவசரத்தில் அழுத்த மறந்தவை.

வராமல் போன தகவல்கள்

மூன்றாம் வாரம். அலுவலகத்திலிருந்து முகவரி மாற்றம் ஒன்றை அனுப்பினோம். அது அக்காவுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம் கழித்து, அதுவும் அவரே படிவச் செயலியைத் திறந்தபோதுதான்.

பின்னணியில் ஓடும் செயலிகளைக் கட்டுப்படுத்துவது எல்லா ஆண்ட்ராய்டுக்கும் பொது. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதலே போன் சும்மா கிடந்தால் பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, அடிக்கடி திறக்காத செயலிகளைத் தனியாகப் பிரித்து இன்னும் இறுக்கியது. இதற்கு மேல் தயாரிப்பாளர்கள் சிலர், பேட்டரி நீடிக்க வேண்டும் என்று தங்கள் பங்குக்கும் ஒரு கத்திரியைப் போடுகிறார்கள். நான் பாராட்டிய பேட்டரியில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

படிவச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று அமைப்புகளில் மாற்றினேன். தகவல்கள் உடனுக்குடன் வர ஆரம்பித்தன. ஆனால் 19ஆம் நாள் ஒரு சிஸ்டம் அப்டேட் வந்தது, மறுநாள் பார்த்தால் அந்த அமைப்பு பழைய நிலைக்கே போயிருந்தது. ஒரு போன் என்றால் மறுபடி மாற்றிவிடலாம். 12 போன், ஒவ்வொரு அப்டேட்டுக்கும், அதுவும் களத்தில் இருப்பவர்கள் கையில் என்றால் அது எனக்குத் தனி வேலை. இதைக் குறித்துவைத்தேன்.

காணாமல் போன படிவமும் தேய்ந்துபோன வேகமும்

நான்காம் வாரம்தான் மோசம். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே சம்பவம். அக்கா ஒரு வீட்டில் உட்கார்ந்து முப்பது கேள்விக்குப் பதில் நிரப்பிவிட்டு, கடைசியில் ஆவணத்தைப் படம் பிடிக்கக் கேமராவைத் திறந்திருக்கிறார். படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் படிவச் செயலி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நிரப்பியது ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில் மூன்று முறை. 'மறுபடி முதல்லேர்ந்து கேட்டா அவங்களுக்கும் சலிப்பு, எனக்கும் அவமானம்' என்று எழுதியிருந்தார்.

கேமரா திறக்கும்போது ரேம் நிறையத் தேவைப்படும். 4 ஜிபியில் சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக மிச்சம் கொஞ்சம்தான். இடம் போதாதபோது ஆண்ட்ராய்டு, திரைக்குப் பின்னால் இருப்பதை வெளியே தள்ளும். அன்றைக்குத் தள்ளப்பட்டது எங்கள் படிவம்.

போனைக் குற்றவாளியாக்கி விஷயத்தை முடித்திருப்பேன். ஒரு சந்தேகம் தடுத்தது. வெளியே தள்ளப்படும் செயலி, தான் விட்ட இடத்தைச் சேமித்து வைத்திருந்தால் திரும்பி வரும்போது அங்கேயே திறக்க வேண்டுமே? செயலி எழுதுகிறவர்களுக்கென்று போனில் இருக்கும் டெவலப்பர் அமைப்புகளில், திரையை விட்டு விலகியதும் அந்தப் பக்கத்தை அழித்துவிடச் சொல்லும் ஒரு தேர்வு உண்டு. மேலாளரின் விலை உயர்ந்த போனை வாங்கி, அதை இயக்கி, படிவத்தைப் பாதி நிரப்பிக் கேமராவுக்குப் போய்த் திரும்பினேன். அங்கேயும் படிவம் காலி. ஆக, எங்கள் செயலி வரைவைச் சேமிப்பதே இல்லை. நிறைய ரேம் உள்ள போன்களில் இந்தக் குறை வெளியே தெரியாமல் கிடந்திருக்கிறது. செயலியை எழுதியவர்களுக்கு அன்றே தகவல் அனுப்பினேன்.

வேகம் தனிச் சிக்கல். முதல் வெள்ளி 4 வினாடியில் திறந்த செயலி, நான்காம் வெள்ளி 9 வினாடி எடுத்தது. சந்தேகத்துக்கு இரண்டு ஆள்: 19ஆம் நாள் அப்டேட், இன்னொன்று நிறைந்துபோன ஸ்டோரேஜ். 64 ஜிபியில் சிஸ்டம் மட்டும் முதல் நாளே 17ஐப் பிடித்துக்கொண்டது. களப்படங்களும் குழுக்களில் வந்து விழும் வீடியோக்களும் சேர்ந்து மிச்சம் 3 ஜிபிக்கு வந்திருந்தது.

இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது காரணம் என்று தெரியாது. முதலில் ஸ்டோரேஜ். படங்களைக் கணினிக்கு மாற்றி 20 ஜிபி காலியாக்கி, இரவு முழுக்கச் சார்ஜில் விட்டேன். அழித்த இடங்களை ஒழுங்குபடுத்தும் வேலையைப் போன் சும்மா இருக்கும்போதுதான் செய்யும். காலையில் 5 வினாடி. அப்டேட் மேல் பெரிய பழி இல்லை என்று தெரிந்தது.

இந்தப் போனில் இருக்கும் ஸ்டோரேஜ் இஎம்எம்சி 5.1 ரகம், 2015இல் வந்த தரம். ஒரு நேரத்தில் ஒன்று படிக்கும், இல்லாவிட்டால் எழுதும். அதைவிட வேகமான யுஎஃப்எஸ் ரக ஸ்டோரேஜ் இரண்டையும் சேர்த்துச் செய்யும். இந்த வகை நினைவகங்களில் எழுதுவது சிறுசிறு பக்கமாக நடக்கும், அழிப்பது மட்டும் பெரிய தொகுதியாகத்தான் முடியும். காலித் தொகுதிகள் தீர்ந்துபோனால், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் உள்ளே சாமான்களை நகர்த்தி இடம் பண்ண வேண்டியிருக்கும். நெருக்கடியான அறையில் கட்டிலைப் போட அலமாரியை நகர்த்துவது போல. கடன் வாங்கிய அந்த 4 ஜிபி 'ரேமும்' இதே ஸ்டோரேஜில்தான் எழுதிக்கொண்டிருந்தது. அதை அணைத்தபோது திணறல் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

மற்றவை சுருக்கமாக

திரை அங்குலத்துக்குச் சுமார் 267 புள்ளி. எழுத்துகள் சற்றுக் கரகரப்பு. அக்காவுக்கு எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கும் பழக்கம் என்பதால் அவர் கண்டுகொள்ளவில்லை. உச்சி வெயிலில் படிப்பது சிரமம், போன் சூடேறினால் வெளிச்சத்தை அதுவே குறைத்துக்கொண்டது. கேமரா நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும், ஆவணம் எடுக்க அது தாராளம். ஒலி ஒரே பக்கம், ஆனால் சத்தம். சிக்னல் பழைய போனைவிடத் தேவலை. இரண்டு தடவை கீழே விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை.

எடுத்த முடிவு

ஐந்தாம் வார முடிவில் மேலாளர், அக்கா, நான் மூவரும் உட்கார்ந்தோம். மேலாளர் ஒரு யோசனை சொன்னார். படிவம் நிரப்பாமல் அழைப்பு மட்டும் செய்கிற நான்கு பேருக்காவது இதையே வாங்கலாமே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"சார், பேசறதுக்குத்தான் சார் இது ஆகாது" என்றார் அக்கா.

நாள் முழுக்கப் பேசுகிறவருக்கு இந்தப் போன்தான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. அந்த யோசனை அத்துடன் கைவிடப்பட்டது.

நிஜச் சென்சார், 6 ஜிபி ரேம், 128 ஜிபி யுஎஃப்எஸ் ஸ்டோரேஜ் உள்ள இன்னொரு மாடலுக்குப் போனோம். அதே தொகைக்கு 8தான் வந்தது. எந்த நான்கு பேர் பழைய போனோடு காத்திருப்பது என்பதில் கொஞ்சம் மனக்கசப்பும் வந்தது. பேட்டரி மாற்றினால் இன்னும் ஒரு வருடம் ஓடக்கூடிய நான்கு போன்களைத் தேர்ந்து, பேட்டரி மாற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு

புதிய 8 போனிலும் மியூட் புகார் வரவில்லை. வாங்குவதற்கு முன்பே கடையில் நின்று, தோளில் இடுக்கிப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

சங்கடமான செய்தி இரண்டு வாரம் கழித்து வந்தது. படிவச் செயலியைத் திருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைச் சேமிக்கும்படி செய்து அனுப்பினார்கள். மாதிரிப் போனில் போட்டுப் பார்த்தேன். கேமராவுக்குப் போய் வந்தாலும் படிவம் விட்ட இடத்திலேயே நின்றது. அந்தப் போனை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் அடுக்கிய காரணங்களில் பெரியது ஒன்று காணாமல் போய்விட்டது. அழைப்புச் சிக்கல் மட்டுமே போதுமான காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் திருத்தத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்தால் கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். மேலாளர் அதை ஒரு முறை சொல்லிக்காட்டவும் செய்தார்.

மாதிரிப் போன் இப்போது சாமான் அறையில் பார்கோடு ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை சார்ஜ் போடுகிறோம். அங்கே அதன்மேல் யாருக்கும் புகார் இல்லை.

அடுத்த முறை மாற்றுவது

நான்கு நாள் குறிப்பு இனி எழுதுவதில்லை. முதல் நாளே பழைய படங்களைக் கொட்டி ஸ்டோரேஜை முக்கால்வாசி நிரப்பிவிட்டுத்தான் அளக்க ஆரம்பிப்பேன். காலியான போனில் எடுத்த 4 வினாடி என்ற அளவு யாருடைய அன்றாடத்திலும் இருக்காது. பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை பத்து நிமிடம் பேசுவது: நின்று, நடந்து, தோளில் இடுக்கி.

ஒருவரிடம் மட்டும் கொடுத்ததும் குறைதான். அக்கா தோளில் இடுக்கிப் பேசுகிறவர் என்பதால் சென்சார் குறை மாட்டியது. அவர் இயர்போன் போடுகிறவராக இருந்திருந்தால் ஐந்து வாரமும் அது தெரியாமலே போயிருக்கும், 12 போனும் வந்து இறங்கியிருக்கும். அடுத்த சோதனைக்கு இரண்டு போன், இரண்டு பேர். அதில் ஒருவர் இந்த அமைப்புகள் பக்கமே எட்டிப் பார்க்காதவராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நோட்டுப் புத்தகம் இரண்டு வாங்கி வைத்தாயிற்று.